பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை லேயர்களைக் கொண்டு செப்பனிடும் முறை

பழைய ஆல்பத்திலிருந்தோ சுவரில் மாட்டிய சட்டத்திலிருந்தோ எடுக்கப்படும் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரியான சேதங்கள்தாம் இருக்கும்: நடுவே மடிந்த கோடு, ஓரங்களில் மஞ்சள் படிவு, நிழல் பகுதிகளில் வெளிறல், எப்போதோ யாரோ நீல மையால் எழுதிய பெயர். இவற்றைக் கணினியில் சரிசெய்ய முனைபவர்கள் பலர் ஸ்கேன் செய்த கோப்பைத் திறந்ததும் அதன் மீதே தூரிகையை ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு இழுப்பும் அங்கிருந்த பிக்சல்களை அழித்துவிட்டுப் புதியவற்றை எழுதுகிறது. கோப்பைச் சேமித்து மூடிய பிறகு, பாட்டியின் கன்னத்தில் இருந்தது கறையா மச்சமா என்ற சந்தேகம் எழுந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கோப்பில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஒவ்வொரு முடிவையும் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் விரிக்கும் தனி அடுக்கில், எடுத்து வைத்திருந்தால், மற்றவற்றைக் கலைக்காமல் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேயரின் முதன்மையான பயன் இதுவே என்று நான் கருதுகிறேன். படங்களை ஒட்டிச் சேர்ப்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இந்தக் கட்டுரை 4×6 அங்குல அளவுள்ள ஒரே ஒரு பழைய அச்சுப்படத்தை எடுத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து முடிவுவரை செப்பனிடும் வழியைச் சொல்கிறது. யாரும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம் என்பதால் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளை முதன்மையாகக் கொண்டிருக்கிறேன். போட்டோஷாப்பில் வழி மாறும் இடங்களில் அதையும் குறிப்பிடுகிறேன். போட்டோஷாப்பிலேயே லேயர் வசதி 1994இல் வெளிவந்த 3.0 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டித் தேர்வை நீக்கிவிட்டால் இரண்டும் கலந்துவிடும். பிறகு பிரிக்க வழி கிடையாது.

ஒரே அளவுள்ள கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து பார்ப்பதைப் போன்றது லேயர்களின் அமைப்பு. மேல் தகட்டில் ஒன்றும் வரையப்படாத இடத்தில் கீழே உள்ளது தெரியும். வரையப்பட்ட இடத்தில் மறையும். ஆகவே லேயர் பட்டியலில் எது மேலே, எது கீழே என்ற வரிசை முக்கியமானது. இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை, அடியில் தொடப்படாத மூலம், அதன் மேல் கறை நீக்கம், அதன் மேல் கீறல் திருத்தம், அதற்கும் மேல் ஒளி நிழல், எல்லாவற்றுக்கும் உச்சியில் வண்ணச் சாயல் என்பதாகும்.

ஸ்கேன் செய்யும்போது

படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். காரணம் பின்னால் வரும். இப்போதைக்கு, கறைகளுக்கு நிறம் உண்டு, அந்த நிறம்தான் அவற்றை நீக்க நமக்குக் கிடைக்கும் பிடி என்பதை நினைவில் வைத்தால் போதும். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சல்களாக வரும். அதை 300 டிபிஐயில் 8×12 அங்குலமாக, அதாவது மூலத்தைப் போல் இருமடங்கு நீள அகலத்தில் அச்சிடலாம். ஸ்கேனர் இடம் கொடுத்தால் ஒரு நிறத்துக்கு 16 பிட் என்று வைத்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. 16 பிட்டில் 65,536. வெளிறிய படத்தின் ஒளி நிழலை இழுத்து விரிக்கும்போது, 256 படிநிலைகள் போதாமல் வானத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றிவிடும். ஸ்கேனர் தானாகவே செய்யும் கூர்மையாக்கம், தூசி நீக்கம், நிறத் திருத்தம் ஆகிய அனைத்தையும் அணைத்துவிடுங்கள். படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்தெடுக்க முயலாமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வது நல்லது. உரித்தால் படம் பதிந்திருக்கும் மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும்.

மூலத்தைப் பூட்டிவைத்தல்

கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அடியில் உள்ள லேயரின் பெயரை ‘மூலம்’ என்று மாற்றி, லேயர் பட்டியலில் உள்ள பூட்டுக் குறியை அழுத்தி அதைப் பூட்டுவது. போட்டோஷாப்பில் ‘பேக்ரவுண்ட்’ லேயர் ஓரளவு பூட்டப்பட்டே வந்தாலும், அதன் மேல் தூரிகை ஓடும். ஆகவே அங்கும் கண்ட்ரோல், ஜே விசைகளை அழுத்தி நகல் எடுத்துக்கொண்டு நகலில்தான் வேலை செய்ய வேண்டும். ஜிம்ப்பில் நகலெடுக்கக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி. இரண்டு மென்பொருள்களிலும் லேயர்களுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். பெயரிடும் பழக்கம் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் ‘லேயர் 7 நகல் 2’ என்று கிடக்கும் ஒன்று எதற்காக உருவானது என்பது ஒரு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

சிவப்பு நகலும் நீல நகலும்

இந்த வேலையில் மிகுதியான நேரத்தை மிச்சப்படுத்துவது இந்தப் படிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வண்ணக் கோப்பு ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிப்பதிவுகள் தனித்தனியாக இருக்கின்றன. மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. எனவே நீலப் பதிவில் அந்தக் கறை கருந்திட்டாகவும், சிவப்புப் பதிவில் கிட்டத்தட்ட இல்லாததாகவும் தெரியும். நீல மை இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது: சிவப்புப் பதிவில் அழுத்தமாகத் தெரியும் கையெழுத்து, நீலப் பதிவில் மங்கிப்போகும். கறுப்பு வெள்ளைப் படத்தின் உண்மையான உருவம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே பதிந்திருப்பதால், எந்த இடத்துக்கு எந்தப் பதிவு சுத்தமாக இருக்கிறதோ அதை அங்கே எடுத்துக்கொள்ளலாம்.

‘மூலம்’ லேயரை இருமுறை நகலெடுத்து, ஒன்றுக்கு ‘சிவப்பு’ என்றும் மற்றொன்றுக்கு ‘நீலம்’ என்றும் பெயரிடுங்கள். நகலுக்கும் பூட்டு வந்திருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். பிறகு ஜிம்ப்பின் ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘காம்பொனென்ட்ஸ்’ என்பதன் கீழ் இருக்கும் ‘எக்ஸ்ட்ராக்ட் காம்பொனென்ட்’ வழியாக, முதல் நகலில் சிவப்புப் பதிவையும் இரண்டாவதில் நீலப் பதிவையும் பிரித்தெடுங்கள். போட்டோஷாப்பில் ‘சேனல் மிக்ஸர்’ சரிசெய்யும் லேயரில் ‘மோனோகுரோம்’ என்பதைத் தேர்ந்து, சிவப்பை 100 ஆகவும் மற்ற இரண்டையும் சுழியாகவும் வைத்தால் சிவப்புப் பதிவு கிடைக்கும். நீலப் பதிவு வேண்டிய இடத்துக்கு, நீலத்தை 100 ஆக வைத்த இன்னொரு நகல் தேவை. ‘சிவப்பு’ லேயர் மட்டும் தெரியும்படி வைத்துப் பார்த்தாலே, மஞ்சள் படிவுகளில் பெரும்பகுதி தூரிகை தொடாமலேயே மறைந்திருப்பதைக் காண்பீர்கள்.

இப்போது எஞ்சியிருப்பது மூலையில் உள்ள நீல மை எழுத்து. ‘நீலம்’ லேயரைச் ‘சிவப்பு’ லேயருக்கு மேலே வைத்து, அதற்கு ஒரு மாஸ்க் சேர்க்க வேண்டும்.

மாஸ்க்

லேயரின் ஒரு பகுதி வேண்டாம் என்றால் அழிப்பானால் அழிப்பது எளிது. ஆனால் அழித்தது போய்விடும். மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டியிருக்கும் தனியான சாம்பல் நிறப் படம். அதில் வெள்ளையாக உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் மறையும், சாம்பல் இடத்தில் அரைகுறையாகத் தெரியும். லேயரின் பிக்சல் ஒன்றுகூட அழிவதில்லை.

‘நீலம்’ லேயரின் மீது வலப்பக்கம் சொடுக்கி, ‘ஆட் லேயர் மாஸ்க்’ என்பதில் முழுவதும் கறுப்பான மாஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அந்த லேயர் முழுக்க மறைந்துவிடும். இனி வெள்ளை நிறத் தூரிகையால் மை எழுத்தின் மேல் தீட்டினால், அந்த இடத்தில் மட்டும் நீலப் பதிவு வெளிப்பட்டு எழுத்து மங்கும். பழுப்பேறிய தாள் நீலப் பதிவில் சற்று இருட்டாகவே இருக்கும் என்பதால், தீட்டிய இடம் சுற்றுப்புறத்தைவிடக் கருமையாகத் தெரியலாம். அப்போது மாஸ்க்கை விட்டு லேயரின் சிறுபடத்தைச் சொடுக்கி, ஒளி அளவுகளை வளைகோட்டால் மாற்றும் ‘கர்வ்ஸ்’ கருவியால் அந்த லேயரை மட்டும் சுற்றுப்புறத்தோடு பொருந்தும் வரை வெளிச்சமாக்குங்கள். லேயரின் எஞ்சிய பகுதி எப்படி மாறினாலும் மாஸ்க் அதை மறைத்திருப்பதால் கவலையில்லை.

தூரிகை எப்போதும் எங்கே எழுதுகிறது என்பதில் கவனம் வேண்டும். பட்டியலில் லேயரின் சிறுபடமும் மாஸ்க்கின் சிறுபடமும் அருகருகே இருக்கும். எதைச் சுற்றிக் கட்டம் தெரிகிறதோ அதில்தான் தூரிகை எழுதும். படத்தின் மேல் திடீரென வெள்ளைத் திட்டு விழுந்தால், மாஸ்க்குக்குப் பதிலாக லேயரே தேர்வில் இருக்கிறது என்று பொருள். இரண்டு மென்பொருள்களிலும் டி விசை நிறங்களைக் கறுப்பு வெள்ளையாக்கும். எக்ஸ் விசை அவற்றை இடம் மாற்றும். அளவுக்கு மீறித் தீட்டிவிட்டால் எக்ஸை அழுத்திக் கறுப்பால் மூடினால் போதும். ஆல்ட் விசையோடு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் தெரியும். விடுபட்ட புள்ளிகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மாஸ்க்கைத் தற்காலிகமாக அணைக்க ஜிம்ப்பில் கண்ட்ரோல் சொடுக்கும், போட்டோஷாப்பில் ஷிஃப்ட் சொடுக்கும் பயன்படும்.

தூரிகையின் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதைப் படமே சொல்லும். சுவர், வானம் போன்ற இடங்களில் மிக மென்மையான ஓரம் வேண்டும். சேலைக் கரை, மூக்குக் கண்ணாடியின் சட்டம் போன்ற தெளிவான எல்லைகளில், அந்த எல்லை படத்தில் எவ்வளவு கூர்மையாகப் பதிந்திருக்கிறதோ அதே அளவு கூர்மை வேண்டும்.

மடிப்புக் கோடும் கீறல்களும்

கறை நீங்கிய லேயர்களுக்கு மேல், ஒளிபுகும் வெற்று லேயர் ஒன்றைச் சேர்த்து ‘கீறல்’ என்று பெயரிடுங்கள். ஓர் இடத்தின் பிக்சல்களை இன்னோர் இடத்தில் அப்படியே படியெடுக்கும் குளோன் கருவியைத் தேர்ந்து, அதன் அமைப்புகளில் ‘சாம்பிள் மெர்ஜ்ட்’ என்பதை இயக்குங்கள். இப்படிச் செய்தால் கருவி கீழுள்ள லேயர்களிலிருந்து பிக்சல்களை எடுத்து, வெற்று லேயரில் எழுதும். அந்த லேயரின் கண் குறியை மூடித் திறந்தால், நீங்கள் செய்த திருத்தங்கள் மட்டும் தோன்றி மறையும். போட்டோஷாப்பில் இதற்கு ‘கரண்ட் அண்ட் பிலோ’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆல் லேயர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பின்னால் மேலே ஒளி திருத்தும் லேயர் வந்துவிட்டால், ‘ஆல் லேயர்ஸ்’ ஏற்கெனவே வெளிச்சமாக்கப்பட்ட பிக்சலை எடுத்துக் கீழே எழுதும். அதன் மேல் அதே திருத்தம் இரண்டாம் முறையும் விழும். திருத்திய இடமெல்லாம் வெளிறித் தனித்து நிற்கும். ஜிம்ப்பின் ‘சாம்பிள் மெர்ஜ்ட்’ கண்ணுக்குத் தெரியும் எல்லா லேயர்களையும் எடுத்துக்கொள்வதால், கீறல் வேலைக்குத் திரும்பும்போதெல்லாம் மேலுள்ள லேயர்களின் கண் குறியை மூடிவிட வேண்டும்.

ஹீல் கருவி வேறு வகையானது. அது எடுத்த இடத்தின் இழைநயத்தையும், வைக்கும் இடத்தின் ஒளியையும் சேர்த்துக் கலக்கிறது. கன்னம், நெற்றி, சுவர் போன்ற சீரான பரப்புகளில் உள்ள புள்ளிகளுக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். வைக்கும் இடத்தில் பிக்சல் இருந்தால்தான் அது கலக்க முடியும் என்பதால், ஜிம்ப்பில் வெற்று லேயரை நம்பாமல் ‘நியூ ஃப்ரம் விசிபிள்’ வழியாக எடுத்த ஒரு நகலில் ஹீல் செய்து, பிறகு மாஸ்க்கால் தேவையான இடத்தை மட்டும் வெளிக்காட்டுவது நல்லது. கருமையும் வெண்மையும் சந்திக்கும் எல்லையில் ஹீல் அழுக்குப் படிந்தாற்போல் இழுத்துவிடும். அங்கே குளோன்தான் சரி. 100 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் வேலை செய்யுங்கள். அதற்கு மேல் போனால் அச்சில் யாருக்கும் தெரியாத துகள்களுக்கு நேரம் செலவாகும். எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து கண்ணை உறுத்தும்.

மடிப்புக் கோடு முகத்தின் குறுக்கே போயிருந்தால் மிகுந்த பொறுமை வேண்டும். ஒரு கண் சேதமடைந்திருக்கிறது என்பதற்காக மற்ற கண்ணைத் திருப்பி ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. எவருடைய முகமும் இருபுறமும் ஒன்றாக இருப்பதில்லை. அப்படி ஒட்டிய முகம் அழகாக இருந்தாலும், அவரை அறிந்தவர்களுக்கு அது வேறொருவராகத் தெரியும். அதே காலத்தில் அதே கோணத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு படம் கிடைத்தால், அதை மேல் லேயராகக் கொண்டுவந்து, ஒபாசிட்டியை (கீழுள்ளதை அது மறைக்கும் அளவை) 50 விழுக்காடாகக் குறைத்து, கண்ணும் மூக்கும் கீழுள்ள படத்தோடு பொருந்தும்வரை அளவையும் சாய்வையும் மாற்றி, பிறகு ஒபாசிட்டியை முழுதாக்கிக் கறுப்பு மாஸ்க்கிட்டு, இழந்த பகுதியை மட்டும் வெளிக்காட்டலாம். ஜிம்ப் 2.10இல் ஒட்டியது மிதக்கும் தேர்வாக வந்து நிற்கும். அதைப் புதிய லேயராக மாற்றிய பிறகே தொடர வேண்டும். 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பில் ஒட்டியது நேரடியாக லேயராகவே வந்துவிடுகிறது. வேறு படம் எதுவும் கிடைக்காவிட்டால், அந்த இடத்தைக் கோடு மட்டும் உறுத்தாதபடி மென்மையாக்கி விட்டுவிடுவதே நேர்மையானது.

இன்று பரவலாகக் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை முகத்தைத் தெளிவாக்குவதாகத் தோன்றினாலும், பதிவில் இல்லாத இமையையும் பல்லையும் தாமே வரைந்து நிரப்புகின்றன. அவற்றின் விளைவைப் பயன்படுத்த விரும்பினால், அதையும் ஒரு தனி லேயராக மேலே வைத்து, கறுப்பு மாஸ்க்கிட்டு, பின்னணித் திரை, தரை, துணியின் சேதமடைந்த பகுதி ஆகியவற்றில் மட்டும் வெளிக்காட்டுங்கள். முகத்துக்கு மூலத்திலிருந்து வந்த பிக்சல்களே இருக்கட்டும்.

ஒளியும் நிழலும்

கீறல் வேலை முடிந்த பிறகு, ஜிம்ப்பில் ‘நியூ ஃப்ரம் விசிபிள்’ கட்டளையால் இதுவரை தெரிவது அனைத்தையும் ஒரு புதிய லேயராக எடுத்து, ‘ஒளி’ என்று பெயரிட்டு உச்சியில் வையுங்கள். அதில் ‘கர்வ்ஸ்’ பயன்படுத்துங்கள். 3.0 பதிப்பில் அந்தத் திருத்தம் லேயரோடு ஒட்டிய, எப்போதும் திறந்து மாற்றக்கூடிய வடிப்பானாகவே நிற்கிறது; 2.10இல் அது நிலையாகப் பதிந்துவிடும். ஆனால் பதிந்தாலும் ‘ஒளி’ லேயரை நீக்கிவிட்டு மறுபடி எடுக்கலாம் என்பதால் இழப்பில்லை. போட்டோஷாப்பில் ‘கர்வ்ஸ்’ சரிசெய்யும் லேயரே போதும். அது பிக்சல் எதையும் தாங்காமல் கீழுள்ளவற்றுக்கு மாற்றத்தை மட்டும் சொல்வதால், கீழே பின்னர் செய்யும் திருத்தங்களும் தாமாகவே அதற்குள் வந்துவிடும்.

‘பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட்’ கருவியைத் தவிர்த்துவிடுங்கள். ‘கர்வ்ஸ்’ கோட்டில் நிழல், நடு, வெளிச்சம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிடித்து நகர்த்த முடியும். மிகக் கருத்த இடத்தை 0 வரை கொண்டுபோகாமல் 10 அளவிலும், மிக வெளுத்ததை 255க்குச் சற்றுக் கீழேயும் நிறுத்துவது என் வழக்கம். பழைய தாள் அச்சின் இயல்பு அதுவே.

படத்தின் ஒரு பகுதி மட்டும் வெளிறியிருந்தால், ‘ஒளி’ லேயரை நகலெடுத்து அதன் கலப்பு முறையை (மேல் லேயர் கீழுள்ளவற்றோடு சேரும் விதத்தை) ‘மல்டிப்ளை’ என்று மாற்றலாம். இந்த முறை மேல், கீழ் பிக்சல்களின் மதிப்புகளைப் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. போட்டோஷாப்பின் 8 பிட் கணக்கில் 128 மீது 128 வந்தால் விடை ஏறத்தாழ 64. ஆகவே வெள்ளை வெள்ளையாகவே இருக்க, மற்றவை அனைத்தும் இருண்டுவிடும். ஒபாசிட்டியை 40 விழுக்காட்டுக்கு இறக்கி, மாஸ்க்கால் வெளிறிய பகுதிக்கு மட்டும் கட்டுப்படுத்தினால் இயல்பாக அமையும்.

முகத்தில் நுட்பமாக ஒளி சேர்க்க, 808080 என்ற நிறக் குறியீடுள்ள நடுச் சாம்பல் நிறத்தால் நிரப்பிய ஒரு லேயரைச் சேர்த்து, அதன் கலப்பு முறையைச் ‘சாஃப்ட் லைட்’ என்று வையுங்கள். நடுச் சாம்பலுக்கு இந்த முறையில் எந்த விளைவும் இல்லாததால் படம் மாறாமல் தெரியும். 5 முதல் 10 விழுக்காடு ஒபாசிட்டியுள்ள பெரிய மென்தூரிகையால் வெள்ளையைத் தீட்டினால் அந்த இடம் ஒளிரும், கறுப்பைத் தீட்டினால் ஆழமாகும். தவறிய இடத்தில் மறுபடி சாம்பலைத் தீட்டினால் பழையபடி ஆகிவிடும்.

சாயல்

வெறும் சாம்பல் படம் சிலருக்கு உயிரற்றதாகத் தோன்றும். அவ்வாறெனில், இளம் பழுப்பு நிறத்தால் நிரப்பிய லேயரை உச்சியில் வைத்து, கலப்பு முறையைப் போட்டோஷாப்பில் ‘கலர்’ என்றும் ஜிம்ப்பில் ‘ஹெச்எஸ்எல் கலர்’ என்றும் மாற்றி, ஒபாசிட்டியை 15 விழுக்காடு அளவில் வையுங்கள். இந்த முறை கீழுள்ள வெளிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு நிறத்தை மட்டும் கொடுக்கும். அந்நாளில் ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டித் தருவார்கள். அதையும் இதே முறையில், சேலைக்கு ஒரு லேயர், தோலுக்கு ஒரு லேயர் எனச் செய்யலாம். சேலையின் நிறம் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் மட்டுமே செய்யுங்கள்.

கோப்பைச் சேமித்தல்

2400×3600 பிக்சல் அளவுள்ள 16 பிட் லேயர் ஒன்று நினைவகத்தில் ஏறத்தாழ 69 எம்பி பிடிக்கும். பத்து லேயர்கள் என்றால் 700 எம்பிக்கு அருகில் வரும். கணினி திணறினால், சிறிய திருத்தம் மட்டும் உள்ள லேயர்களை ஜிம்ப்பின் ‘லேயர்’ பட்டியலில் உள்ள ‘கிராப் டு கன்டென்ட்’ வகைக் கட்டளையால் உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருக்கலாம். லேயர்களை ஒன்றாக இணைத்துச் சுமையைக் குறைப்பதைக் கடைசி வழியாக வையுங்கள்.

வேலைக் கோப்பை ஜிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் ஆகவும், போட்டோஷாப்பில் பிஎஸ்டி ஆகவும் சேமியுங்கள். ஜேபெக் கோப்பு லேயர்களைத் தாங்காது. ஜிம்ப் ‘சேவ்’ என்பதை எக்ஸ்சிஎஃப் கோப்புக்கும், ‘எக்ஸ்போர்ட்’ என்பதை மற்ற வகைகளுக்கும் பிரித்து வைத்திருப்பது இந்த இழப்பைத் தடுக்கத்தான். பிஎஸ்டி கோப்பை ஜிம்ப்பில் திறக்கலாம். ஆனால் சரிசெய்யும் லேயர்கள் முழுமையாக வராமல் போகலாம் என்பதால், ஒரே மென்பொருளில் தொடங்கி முடிப்பது பாதுகாப்பானது. ‘ஃபிளாட்டன்’ கட்டளையை வேலைக் கோப்பில் ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். ஸ்கேன் செய்த டிஃப், லேயர்களோடு கூடிய வேலைக் கோப்பு, அச்சுக்கான பிரதி ஆகிய மூன்றையும் ஒரே கோப்புறையில் வைத்து, வேறொரு வட்டிலும் நகல் வையுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஜேபெக் பிரதியை ஆவணமாக இணைத்து அனுப்பினால், அவர்கள் அதையே கொண்டுபோய் அச்சிட்டுக்கொள்ளலாம்.